மேயர் லோமனுக்கு ஒரு மாலை

லோமன் கையைத் தூக்கியதும் எங்கள் ஆட்கள் எல்லோரும் கைதட்டினார்கள்.

நகரசபையில் பார்வையாளர்கள் கைதட்டக் கூடாது. சுவரில் அப்படித்தான் எழுதியிருந்தது. ஜேர்மன் மொழியில் எழுதியிருந்ததால் எங்களில் நான் ஒருவன்தான் அதை வாசித்திருந்தேன். தட்டாதேயுங்கோ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கீழே முப்பத்தொன்பது உறுப்பினர்கள் இருந்தார்கள். அதில் இருபத்திரண்டு கைகள் மேலே நின்றன. அரை மணி நேரத்துக்கு முன்தான் மேயரான லோமனின் கை எல்லாவற்றையும்விட உயரமாகத் தெரிந்தது. மனிதர் ஆறடிக்கு மேல்.

கமலநாயகி அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சந்தோஷத்தில் வந்த அழுகை.

அவருடைய கணவர் முருகேசு அண்ணைக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய், மெஷினில் கிடந்து இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். நாங்கள் இருந்த அகதி விடுதி நகரின் நடுவில் ஒரு பழைய பள்ளிக்கூடம். ஹைம் என்போம். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு எட்டு நிமிட நடை. ஹைமை மூடினால் எல்லோரையும் காட்டுக்கு அப்பால் ஒரு பழைய இராணுவ முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே பஸ் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று.

ஹைமை மூட விடமாட்டேன் என்று சந்தைச் சதுக்கத்தில் நின்று சொன்ன ஒரே வேட்பாளர் லோமன்.

அதுவே போதும் எங்களுக்கு. எண்பத்தொன்பதாம் ஆண்டுத் தேர்தலில், வாக்குரிமை இல்லாத நாங்கள் வாக்குள்ளவர்களை விட அதிகமாக ஓடித் திரிந்தோம். துண்டுப் பிரசுரம் கொடுத்தோம். அக்கா அவருடைய கட்சிக் கூடாரத்துக்கு வடை சுட்டு அனுப்பினார். யாழ்ப்பாணத்தில் தேர்தல் பார்த்த இருவர், பழைய ஞாபகத்தில் எதிர்க்கட்சியின் சுவரொட்டிகளுக்கு மேலே பசை தடவி லோமனை ஒட்டிவிட்டார்கள். பொலிஸ் வந்தது. நான்தான் ஜேர்மனில் மன்னிப்புக் கேட்டேன்.

லோமன் வென்றார். முழுதாக வென்றார் என்றும் சொல்ல முடியாது. அவருடைய கட்சிக்குப் பதினெட்டு இடம். மேயரைச் சபைதான் தெரிவு செய்யும், அதற்கு இருபது கை வேண்டும். நான்கு இடம் பிடித்த சின்னக் கட்சி ஒன்று இருந்தது. ஹைமை மூடு என்பதைத் தவிர அவர்களுக்கு வேறு கொள்கையே கிடையாது.

முதலில் அவர்கள் லோமனை மேயராக்கினார்கள். பிறகு ஹைமை மூடும் தீர்மானம் வந்தது. லோமன் கையைத் தூக்கினார்.

தீர்மானத்தை ஜேர்மனில்தான் வாசித்தார்கள். எங்கள் ஆட்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. தங்களுடைய மனிதர் கையைத் தூக்கினால் தங்களுக்காகத்தான் தூக்குவார் என்று நம்பினார்கள்.

கூட்டம் முடிந்து லோமன் வாசலுக்கு வந்தார். அக்கா பிளாஸ்டிக் பையைத் திறந்து மாலையை எடுத்தார். முதல் நாள் முழுக்க இருந்து கட்டிய வெள்ளைச் செவ்வந்தி மாலை. தேர்தலில் வென்றவரை மாலை போடாமல் வீட்டுக்கு அனுப்பும் பழக்கம் எங்களிடம் இல்லை.

இந்த நாட்டில் அந்தப் பூவைக் கல்லறையில்தான் வைப்பார்கள். அக்காவுக்குத் தெரியாது. லோமனுக்குத் தெரியும். ஓரடி பின்னால் போனார். அதற்குள் பத்திரிகைக்காரர் கமெராவைத் தூக்கிவிட்டார். லோமன் சிரித்துக்கொண்டு குனிந்து கழுத்தைக் கொடுத்தார்.

"ஆனந்தராசா, ஐயாவிட்டைச் சொல்லுங்கோ. இவர் இனியும் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம், அந்தப் புண்ணியம் ஐயாவுக்குத்தான் எண்டு" என்று அக்கா என்னிடம் சொன்னார்.

லோமன் என்னைப் பார்த்தார். பக்கத்தில் முருகேசு அண்ணை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்த வாசலில் உண்மையைச் சொல்ல எனக்கு இரண்டு மொழி இருந்தது. நன்றி சொல்கிறார்கள் என்று மட்டும் லோமனிடம் சொன்னேன்.

மறுநாள் படம் பத்திரிகையில் வந்தது. இடமாற்றத்துக்காக மேயருக்கு அகதிகள் நன்றி தெரிவித்தார்கள் என்று அதன் கீழே எழுதியிருந்தது. அக்கா அதைக் கத்தரித்துச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார். என்ன எழுதியிருக்கு என்று கேட்டார். எனக்கு வேண்டியபடி வாசித்துக் காட்டினேன். அவர் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை ஒவ்வொரு குடும்பத்துக்கும் கடிதம் வந்தது. கடிதத்தையும் என்னிடம்தான் கொண்டுவந்தார்கள். அதை மாற்றி வாசிக்க வழியில்லை. அண்ணை கட்டிலில் போய் இருந்துவிட்டார். அக்கா படத்தைச் சுவரிலிருந்து கிழித்தார். எல்லோரும் லோமனைத் திட்டினார்கள். நானும் திட்டினேன், மற்றவர்களை விடச் சத்தமாக.

லோமன் என்னை ஏமாற்றவில்லை.

சபை கூடுவதற்கு இரண்டு நாளுக்கு முன் அவர் என்னைத் தன் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, யாரோடு கூட்டுச் சேர்ந்தார், அதற்கு என்ன விலை என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். உங்கள் ஆட்கள் மண்டபத்தில் கூச்சல் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்கும் மனைவிக்கும் மகளுக்கும் நகருக்குள்ளேயே இரண்டு அறை வீடு ஒன்று பார்த்திருந்தார்.

அந்த வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டுதான் அன்று எல்லோரையும் சபைக்குக் கூட்டிப் போனேன்.