பானெட்டுக்குள் ஒரு பஞ்சாயத்து

மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்த கார் திடீரென்று நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றியது, ஸ்டார்ட் மட்டும் ஆகவில்லை. டிரைவர் மெக்கானிக்கைத் தேடிப் போனதும் காருக்குள் சண்டை ஆரம்பித்தது.

"எல்லாம் அந்தப் பெட்ரோல் பம்பால வந்த வினை. தூங்கிட்டான்!" என்றது பேட்டரி.

"நீ கரண்ட் அனுப்பினாத்தானே நான் பெட்ரோல் அனுப்ப முடியும்?" என்று பின்னாலிருந்து கத்தியது பம்ப்.

"அனுப்பினேன்!"

"வரவே இல்ல!"

பானெட்டுக்குள் குடியிருந்த எலி தொண்டையைச் செருமியது. சண்டை போட்ட இரண்டுக்கும் ஒரே யோசனை வந்தது. "இவர் வண்டியைச் சேர்ந்தவர் இல்ல. இவரே விசாரிக்கட்டும்."

எலி, பம்புக்குப் போகும் சிவப்பு ஒயரின் துணுக்கைப் பல்லிடுக்கிலிருந்து துப்பிவிட்டு, இரண்டு தரப்பையும் பொறுமையாகக் கேட்டது.

"உங்கள்ல ஒருத்தர் பொய் சொல்றீங்க. யாருன்னு தெரியற வரைக்கும் நான் இங்கயேதான் இருப்பேன்."

பேட்டரி உருகிப்போனது. "அதுவரைக்கும் சாப்பாட்டுக்கு என்னங்க பண்ணுவீங்க?"

"எனக்காகச் சிரமப்படாதீங்க. இருக்கறதை வெச்சுப் பாத்துக்கறேன்," என்றபடி எலி நீல ஒயர் பக்கம் நகர்ந்தது.