சனிக்கிழமை மறதி

“இந்த மாசத்துல இது மூணாவது தடவை நாகராஜ். மறதிக்கும் ஒரு அளவு இல்லையா?”

அடையாறில் இருந்த அந்த பயாப்ஸி லேபின் இன்சார்ஜ் காமாக்ஷிக்குக் கோபம் வந்தால் குரல் தாழும். இப்போது ரொம்பவே தாழ்ந்திருந்தது.

நோயாளிகளின் சதைத் துணுக்குகளைச் சாயங்காலம் மெஷினில் வைத்தால், அது ராத்திரி முழுக்க மருந்து மாற்றி மாற்றி ஊறவைத்து, காலையில் சூடான மெழுகில் கொண்டுவந்து நிறுத்தும். ஞாயிறு லீவு என்பதால், சனிக்கிழமை மட்டும் ஒரு நாள் தள்ளி ஓட ‘டிலே’ போட வேண்டும். மறந்தால் ஞாயிறு காலையே முடிந்துவிடும். மெழுகிலேயே கிடந்து துணுக்கு கெடாமல் யாராவது வந்து எடுத்தாக வேண்டும்.

மறந்த டெக்னீஷியன் நாகராஜேதான் மூன்று ஞாயிறும் வந்தார். எடுத்து, மெலிசாகச் சீவி, ஸ்லைடும் போட்டு வைத்துவிட்டுப் போனார். ஆனாலும் லீவு நாளில் லேபைத் திறப்பது நிர்வாகத்துக்கு ஆகாது.

“மெமோ எழுதப் போறேன். வேலைக்கே ஆபத்து, தெரியுமில்ல?”

“தெரியும் மேடம். வயசாவுதில்ல,” என்றார் நாகராஜ். நாற்பத்திரண்டு வயசு ஆள் சொல்கிற பதிலா இது!

மெமோவுக்குத் தேதி வேண்டுமே என்று காமாக்ஷி நோயாளிகளின் பழைய சீட்டுகளைப் புரட்டினாள். அந்த மூன்று சனிக்கிழமையிலும் ஏதோ ஒரு சீட்டில் பென்சில் வட்டம் இருந்தது. ஒன்று, கழுத்தில் கட்டியோடு வந்த ஒன்பது வயசு தூபாவுடையது. ஓரத்தில் நாகராஜின் கையெழுத்தில், ‘அம்மா வாசல்லயே நிக்கிறாங்க.’

மூன்று ரிப்போர்ட்டும் செவ்வாய்க்குப் பதில் திங்களே போயிருந்தன.

மெமோ பாதியில் நின்றது.

அடுத்த சனிக்கிழமை, டெய்லர் அக்பர் பாஷா கவுன்டரை விட்டு நகரவில்லை. மகள் தபஸ்ஸுமுக்கு மார்பில் கட்டி. செவ்வாய் வரைக்கும் எப்படித் தாங்குவது என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

காமாக்ஷி நேராக மெஷினிடம் வந்தாள்.

“நீங்க கிளம்புங்க நாகராஜ். இனிமே சனிக்கிழமை மெஷின் என் பொறுப்பு. உங்களை நம்ப முடியாது.”

நாகராஜ் தபஸ்ஸுமின் சீட்டை ஒரு தடவை பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டு போனார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு அவர் போன் அடித்தது.

“நாகராஜ், லேப்லேர்ந்து பேசறேன். டிலே போட மறந்துட்டேன். கொஞ்சம் வந்து சீவிக் குடுக்கறீங்களா?”