எதற்கு இந்த ஸ்டிரைக்?

"எல்லாம் வயிறுதான், ஞானம். ருஷ்யாவிலே ராஜாவையே விரட்டினாங்களே, ஏன்? ரொட்டி இல்லே. இங்கே கூலியைக் குறைச்சோம், ஸ்டிரைக் பண்றாங்க."

மில் மேனேஜர் ஏசுவடியான் தொப்பியை மாட்டிக்கொண்டார். "பழைய கூலியே தர்றோம்னு இப்போ சொல்லப்போறேன். உடனே உள்ளே ஓடி வர்றாங்களா இல்லையா பாரு!"

மனைவி ஞானாபரணத்தின் காதில் ஒன்றும் ஏறவில்லை. காய்ச்சலில் விழுந்து எழுந்ததிலிருந்து அவளுக்குப் பால் வற்றிவிட்டது. பசும்பால் கொடுத்தால் குழந்தை அப்படியே கக்கிவிடுகிறது. அழுது அழுது, இப்போது அழவும் தெம்பில்லாமல் முனகிக்கொண்டு கிடந்தது.

மில் கேட்டை ஒட்டியே மேனேஜர் வீடு. மத்தியானம் அதன் பின்கதவைத் தட்டும் சத்தம். திறந்தால், முத்தாத்தாள்! காலையில் கைக்குழந்தையோடு மில் கேட்டில் நின்றுகொண்டு, "மேனேஜர் ஒழிக!" என்று தொண்டை கிழியக் கத்தியவள்.

ஞானாபரணம் குழந்தையை இறுக அணைத்துக்கொண்டாள். "ஐயா வீட்டிலே இல்லே."

"தெரியுமுங்க. அங்க எங்ககிட்டத்தான் கத்தீட்டு இருக்காரு. நேத்து வரைக்கும் எங்க கோஷத்தையும் மீறிப் பாப்பா சத்தந்தானுங்க கேட்டுது. இன்னைக்கு மூச்சையே காணம். உங்களுக்குப் பால் வத்திப்போச்சுன்னு கேள்விப்பட்டனுங்க. மனசு கேக்குல. குடுங்க அம்மணி."

வாங்கிய வேகத்தில் உட்கார்ந்து மாரோடு அணைத்தாள். குழந்தை மடக் மடக்கென்று குடித்தது.

ஞானாபரணத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. உள்ளே ஓடி, முறம் நிறைய அரிசி கொண்டுவந்து வைத்தாள்.

"அரிசிக்கா வந்தேன்? எடுத்து வைங்க."

"உங்க பையன்?"

"வயிறு முட்டக் குடிச்சுப்போட்டுத் தூங்கறானுங்க. ஸ்டிரைக்குல அவனுக்குத்தான் யோகம்!"

சிரித்துவிட்டாள் ஞானாபரணம். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள். "பழைய கூலி தர்றாங்களாமே. எல்லாரும் வேலைக்குப் போயாச்சா?"

"ஒருத்தரும் போகுலீங்க."

"இன்னும் என்னதான் வேணும் உங்களுக்கு?"

முத்தாத்தாள் குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள்.

"கூலியக் கொறச்சப்ப, ஒருவேளைக் கஞ்சியக் கொறச்சுக்கிட்டோமுங்க. ஆரும் வாயத் தொறக்குல. அப்புறம் ஒருநா என்ற பையன் கேட்டுக்கு வெளிய பசியில கத்துனான். மெசினை உட்டுப்போட்டுப் பால் குடுக்கப் போகக்கூடாதுன்னு உங்க ஊட்டுக்காரரு கேட்டைப் பூட்டிப்போட்டாரு. அன்னைக்கு எந்திரிச்சவங்கதானுங்க, அத்தனை பேரும்."

ஞானாபரணத்தால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "அப்படிச் செஞ்சவர் குழந்தைக்கா நீங்க..."

முத்தாத்தாள் முந்தானையால் குழந்தையின் வாயைத் துடைத்தாள்.

"பசிச்சு அழுகற கொழந்தைக்குப் பால் குடுக்க உடோணும்னுதானுங்க ஸ்டிரைக்கே. பின்ன, நானே வராம இருந்தா எப்படீங்க?"