உழைப்புக்குப் பத்து மதிப்பெண்

மாநில மகளிர் கூடைப்பந்து அணிக்கு ஆள் எடுக்க வந்த செல்வநாயகிக்கு மூன்றாம் நாளே பொறுமை போய்விட்டது. ஆறடி உயர பிரிசில்லா, அவர் பார்க்கும்போதெல்லாம் மைதானத்தைச் சுற்றி ஓடினாள். அவர் தலையைத் திருப்பியதும் உட்கார்ந்துவிட்டாள்.

“உயரம் இருக்கு மேடம், எடுத்துருங்க. உழைப்பெல்லாம் தானா வரும்” என்றார் உடனிருந்த தேர்வாளர்.

மற்ற இருபது பேருக்கும் உழைப்புக்குப் பத்துக்கு ஒன்பது போட்டிருந்த செல்வநாயகி, எரிச்சலோடு பிரிசில்லாவை அருகில் கூப்பிட்டார்.

“நான் பாக்காதப்ப ஏன்மா உக்காந்துடுற?”

“எல்லாரும்தான் மேடம் உக்காருறாங்க. உயரமா இருக்கறதால என் தலை மட்டும் தெரியுது.”

செல்வநாயகி சட்டென்று திரும்பினார். இருபது பேரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் சிலர் கால்சட்டையின் பின்பக்கத்து மண்ணைத் தட்டிக்கொண்டே ஓடினார்கள்.