வெள்ளை வயர்

வீடியோ டெக் வாடகைக்கு எடுத்த ஒரு வீட்டில், டி.வி.யில் படம் ஓடுகிறது, சத்தம் மட்டும் வரவில்லை என்றால் நீங்கள் யாரைச் சந்தேகப்படுவீர்கள்?

டெக் கொண்டுவந்த ஆளைத்தானே? நகரி பக்கத்தில் அந்த ஒரு வீட்டில் மட்டும் எல்லாரும் மாமியாரைச் சந்தேகப்பட்டார்கள்.

கிரேஸின் பிள்ளைக்கு அன்றைக்கு முதல் பிறந்தநாள். அவள் புருஷன் எர்னஸ்ட், புத்தூரிலிருந்து கலர் டி.வி.யும் டெக்கும் வரவழைத்திருந்தான். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் படம். சாயங்கால பஸ்ஸில் பெட்டி திரும்பிப் போயாக வேண்டும்.

ஜன்னலுக்குக் கம்பளி மாட்டியாயிற்று. தெருவே வந்து பாயில் நெருக்கி உட்கார்ந்தாயிற்று. டெக்கோடு வந்த சிட்டிபாபு, மஞ்சள் வயர் படத்துக்கு, வெள்ளை வயர் சத்தத்துக்கு என்று கூடத்துக்கே பாடம் நடத்திவிட்டுச் சாப்பிடப் போனான். சாப்பிட்டு வந்து பார்த்தால் வெள்ளை வயரைக் காணோம்.

"லேது சார், லேது" என்று தெலுங்கில் இல்லை இல்லையென்று சொல்லிப் பையைக் கவிழ்த்துக் காட்டினான்.

மஞ்சளை மட்டும் சொருகினார்கள். கதாநாயகி வாயை வாயை அசைத்தாள். பாயில் இருந்த ஒருத்தர் அவளுக்காகக் கீச்சுக்குரலில் வசனம் பேச, கூடம் கொல்லென்று சிரித்தது. சிட்டிபாபு டேப்பை முதலுக்கே ஓட்டி நிறுத்திவிட்டு மறுபடி தேடினான்.

எர்னஸ்ட் நேரே அடுப்படிக்கு வந்தான். அங்கேதான் அவன் அம்மா எலிசபெத் உட்கார்ந்திருந்தார், மடியில் ஜிப் வைத்த பைபிள் பையோடு. சினிமா பாவம் என்று சபையில் எழுந்து நின்று சொன்னவர். காலையில் டெக் வந்து இறங்கும்போதே 'பேய்ப்பெட்டி' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர்.

"யம்மா, அந்த வயர நீ எடுத்தியா?"

"வயர வெச்சிக்கினு நான் இன்னா துணியா காயப்போடப் போறேன்?"

எர்னஸ்ட் பல்லைக் கடித்துக்கொண்டு போனான். அம்மாவின் பையைத் திறந்து பார்க்கிற தைரியம் ஊரில் எவனுக்கும் இல்லை.

அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கிரேஸ் எல்லாவற்றையும் கேட்டாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்த வீட்டில் மூன்று தடவை டெக் எடுத்தாயிற்று. மூன்று தடவையும் பரிமாறி, பாத்திரம் கழுவி, காப்பி கலக்கி, அவள் கூடத்துக்கு வரும்போது படத்தில் யாராவது செத்துக்கொண்டிருப்பார்கள். "யாரு செத்தாங்கன்னு தெரியும்க்கா, ஏன் செத்தாங்கன்னுதான் தெரியாது" என்று போன வாரம்தான் குழாயடியில் பக்கத்து வீட்டு சென்னம்மாவிடம் சொல்லிச் சிரித்தாள். இந்தத் தடவை அந்தக் கடைசியும் இல்லை போலிருக்கிறது.

இதில் மாமியாரின் ஏவல் வேறு. அண்டாவை அப்புறம் தேய்க்கலாம் என்று வைக்காதே என்றார். தேய்த்தாள். குடிக்கத் தண்ணீர் ரொப்பிக் கூடத்தில் வைக்கச் சொன்னார். வைத்தாள். மொத்தப் பேருக்கும் இப்போதே காப்பி போட்டு ப்ளாஸ்க்கில் ஊற்று என்றார்.

காப்பி கேட்கிற சாக்கில் அடுப்படியை எட்டிப் பார்த்த சென்னம்மா காதோடு சொன்னாள்: "உங்க அத்த வயர மட்டுமா ஒளிச்சாங்க? உன்னையும் சேத்து இல்ல ஒளிச்சி வெச்சிக்கினு இருக்காங்க."

கிரேஸ் ப்ளாஸ்க்கை நங்கென்று வைத்தாள். மாமியார் கண்டுகொள்ளவில்லை.

"பிள்ளைக்குப் பால் குடுத்துத் தூங்க வை. அரத் தூக்கத்துல விட்டுட்டு எழுந்துக்காத."

பிள்ளை தூங்குவதற்குள் கூடத்தில் பேச்சு மாறிவிட்டது. இப்போதே போட்டால்தான் பஸ்ஸுக்கு முன்னால் படம் முடியும், இல்லையென்றால் பெட்டியைக் கட்டுகிறேன் என்று சிட்டிபாபு மஞ்சள் வயரையும் உருவினான்.

"தூங்கிடுச்சா?" என்றார் எலிசபெத்.

"தூங்கிடுச்சி அத்த."

"அடுப்பாண்ட வேல இன்னா பாக்கி?"

கிரேஸ் சுற்றிலும் பார்த்தாள். அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "ஒண்ணும் இல்ல அத்த."

எலிசபெத் பைபிள் பையின் ஜிப்பை இழுத்தார். பைபிளுக்கும் பாட்டுப் புத்தகத்துக்கும் நடுவே, சுருட்டி நூல் கட்டி, வெள்ளை வயர்.



"மஞ்சள எடுத்திருந்தா படமே இல்லன்னு எல்லாம் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பாங்க. சத்தம்னா வரும் வரும்னு உக்காந்துக்கினு இருக்காங்க பாரு. யாரு செத்தாங்கன்னு தெரியும், ஏன் செத்தாங்கன்னு தெரியாதுன்னு குழாயாண்ட சொன்னியே, நான் இன்னா செவிடா? காப்பி நான் ஊத்திக்கிறேன். பிள்ள எழுந்தா நான் பாத்துக்கிறேன். நீ போய் மொதப் பாயில உக்காரு. வயர் எங்க இருந்துச்சின்னு கேட்டா, அத்தைய கேளுங்கன்னு சொல்லு. என்னைய எவன் கேப்பான்?"

கிரேஸ் வயரை வாங்கிக்கொண்டு அவர் கையையும் பிடித்தாள். "நீங்களும் வாங்க அத்த."

"சீச்சீ. எனக்குப் பாவம்."

கிரேஸ் கூடத்து வாசலைத் தாண்டப்போகும்போது பின்னாலேயே சின்னக் குரலில் கூப்பிட்டார்.

"ஏ கிரேசு. உன் புருஷன் சொல்ற கதைக்குத் தலையும் இல்ல, வாலும் இல்ல. நாளைக்குக் காலையில அடுப்பாண்ட உக்காந்து, ஒண்ணு விடாம நீ எனக்குச் சொல்லும்மா."