வேரடி மண்

"அந்தக் கொடி வேணாம் தாயி. அந்தா, மூலையில மஞ்சளாக் கெடக்கு பாருங்க, அதுல எடுங்க."

முருகேஸ்வரி கை காட்டிய பக்கம் தாரணி ஏறினாள். பெரும்பாறை மலைச் சரிவில் காலையிலிருந்து இது எத்தனையாவது தோட்டம் என்று அவளுக்கே மறந்துவிட்டது. ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. மிளகுக் கொடி வாடுகிற தோட்டங்களில் மண்ணும் வேரும் எடுத்துப் போய், வேரைத் தாக்கும் நூற்புழு இருக்கிறதா என்று சோதனைக்குக் கொடுக்க வேண்டும்.

மேல் மண்ணைத் தள்ளிவிட்டுக் களைக்கொத்தை இறக்கினாள். ஈர மண்ணோடு வந்த நுனி வேர்கள் கறுத்திருந்தன. புழுவா அழுகலா என்று கண்ணால் சொல்ல முடியாது.

கீழே பாறையில் உட்கார்ந்திருந்த முருகேஸ்வரியின் கணவர் வேலுமணி குரல் கொடுத்தார். "என்னம்மா, வேரு எப்படி இருக்கு? எப்பாடு பட்டாவது காட்டக் காப்பாத்திப்புடணும்."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.

"டெஸ்ட் பண்ணாத்தாங்கய்யா தெரியும்."

முருகேஸ்வரி பக்கத்தில் வந்து குந்தினாள். குரலைத் தாழ்த்தினாள். "தாயி, தப்பா நெனைக்காதீங்க. இந்தக் காடு இனிமே தேறாதுன்னே ரிசல்ட்டு குடுத்துருங்களேன்."

தாரணி நிமிர்ந்தாள்.

"அவரால முடியலம்மா. நெஞ்சு வலின்னு வத்தலக்குண்டு ஆஸ்பத்திரியில கெடந்துட்டு வந்தவரு, மறுநாளே வெள்ளனே மம்பட்டியத் தூக்கிட்டு ஏறிட்டாரு. மக கீழ வந்துருங்கன்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. எனக்கும் போயிரலாம்னுதான் இருக்கு. ஆனா அவருக்கு இந்தக் காடுதான் உசுரு. விட்டுருவோம்னு நான் எந்த வாயால சொல்ல? ஆபீசருங்க சொன்னா கேப்பாரு."

"இருக்கறதத்தாம்மா எழுத முடியும்" என்றாள் தாரணி. அதைச் சொல்லவே அலுப்பாக இருந்தது.

"சரி தாயி." முருகேஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கீழே பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: "தேறிருமாம்ங்க. நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க."

"நல்லது" என்றார் வேலுமணி. தலை நிமிரவில்லை.

மண்ணையும் வேரையும் பாலித்தீன் பையில் கட்டி, வெயில் படாமல் பெட்டிக்குள் வைத்தாள் தாரணி. வேண்டாம் என்றாலும் கேட்காமல் வேலுமணி பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"நீ வெரசாப் போயி காப்பி போடு. நான் இவுகள ஜீப்பு வரைக்கும் கொண்டுபோயி விடுறேன்" என்று மனைவியை வீட்டுக்கு அனுப்பினார்.

ஒற்றையடிப் பாதையில் நின்று நின்றுதான் இறங்கினார். ஜீப்பில் பெட்டியை வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்தபடி மூச்சு விட்டார்.

"அவ சொன்னாளே, தேறிருமாம்மா?"

"இன்னும் தெரியாதுங்கய்யா. புழு இல்லேன்னா காப்பாத்திரலாம்."

வேலுமணி வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"இல்லேன்னு வந்தாலும் இருக்குன்னே சொல்லிருங்கம்மா. அவ அப்பா ஆசையாக் குடுத்த காடு, விட்டுருவோம்னு நான் சொன்னா தாங்க மாட்டா. அதுக்காகத்தான், கல்யாணம் ஆனதுலேருந்து, புடிக்காமலே ஏறி எறங்கிக்கிட்டிருக்கேன்."