ஐந்தாவது கை

மெல்பேர்ணில், இங்கிலாந்துச் சந்தை ஊரொன்றின் பெயரைச் சுமக்கும் புறநகர். அதன் நகரசபை மண்டபத்தில் மாலை வெயில் சாய்ந்து, சுவரிலுள்ள பழைய வெள்ளைக்கார மேயர்களின் படங்களில் விழுகிறது. சந்தையை இடித்து அடுக்குமாடி கட்டுவதா என்று இன்று முடிவாகும். அங்கே பத்தொன்பது வருடமாக மீன் விற்கும் ஜெய்னம்பு, எழுதி வந்ததைப் பாதி வாசிப்பதற்குள் நேரம் முடிந்ததென்று மணி அடித்துவிடுகிறது. தாளை மடித்துக்கொண்டு உட்காருகிறாள். “யோசிக்காதீங்க உம்மா. கஜரூபன் எங்கட ஆள்தானே,” என்கிறாள் மகள் இன்ஷிரா. போன தேர்தலில் அவனுடைய துண்டுப்பிரசுரத்தை ஒவ்வொரு மீன் பொதியோடும் கொடுத்தவள் ஜெய்னம்பு. சந்தைக்காரர்களின் வாக்குகளால்தான் அவன் உறுப்பினரானான்.

“இடிக்கச் சம்மதிப்பவர்கள்?” மேயர் ஆங்கிலத்தில் கேட்கிறார். ஒன்பது பேரில் நான்கு கைகள் எழுகின்றன. கஜரூபன் முன்னாலிருக்கும் தண்ணீர்க் குவளையைச் சற்று நகர்த்துகிறான். பிறகு, ஜெய்னம்புவின் பக்கம் பாராமல், கையை உயர்த்துகிறான். ஐந்துக்கு நான்கு; சந்தை இடிபடும் என்று முடிவாகிறது.

கூட்டம் கலைந்ததும் வாசலில் அவன் நெருங்கி வருகிறான். “அன்ரி, எனக்கு வேற வழி இருக்கேல்லை.”

“ஓம் மகன்,” என்று பழக்கத்தில் சொல்லிவிடுகிறாள் ஜெய்னம்பு. சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வருகிறது.